சட்டத்துக்கும் உண்டு சர்வே எண்

திருச்சுழியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுந்தரம் ஐயர் என்றொருவர் இருந்தார். சிறு வயதில் கிராமக் கணக்கரிடம் எழுத்து வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு மாதச் சம்பளம் 2 ரூபாய். பிறகு மனு எழுதிக் கொடுப்பவர் ஆனார். அதற்கும் பிறகு, சட்டப் பட்டமும் சான்றிதழும் இல்லாமலே, கோர்ட்டின் அனுமதியோடு கட்சிக்காரர்களுக்காக வாதாடும் வக்கீல் ஆனார். 1879 டிசம்பர் 30-ஆம் தேதி அவருக்குப் பிறந்த பிள்ளையைத்தான் பின்னாளில் உலகம் ரமண மகரிஷி என்று அழைத்தது. மகனைப் பற்றி எழுதாதவர் இல்லை. எனக்கோ அப்பா மேல்தான் ஆச்சரியம். கணக்குப் புத்தகத்தில் தொடங்கிய ஒரு பையன், இந்த வறண்ட பூமியில் உட்கார்ந்துகொண்டு, சட்டத்தைத் தானே கற்றுத் தேறியிருக்கிறார்.

இன்று அதே திருச்சுழி வட்டாரத்து எம்.ரெட்டியபட்டியில் இருக்கும் ஒருவரால் அது முடியுமா? வக்கீல் ஆகும் அளவுக்கு வேண்டாம். தன் வீட்டுக் கேள்வி ஒன்றுக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று தானே தேடிக் கண்டுபிடிக்க முடியுமா? முடியும். சட்டப் புத்தகங்களின் உள்ளே, அப்படித் தேடுபவருக்காகவே ஒரு வழிகாட்டும் அமைப்பு ஒளிந்திருக்கிறது. அது எப்படி இயங்குகிறது என்று பார்க்க, கற்பனையாக ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்.

12 ஏக்கர் கரிசல் காடு. வானம் பார்த்த பூமி. பாகம் பிரிக்காத இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்து. அப்பா, அம்மா, இரண்டு மகன்கள், ஒரு மகள். மகளுக்கு 1985-ல் கல்யாணம் ஆகிவிட்டது. அப்பா 2001-ல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். நிலம் இன்னும் பிரிக்கப்படவில்லை. மகளுக்கு எத்தனை ஏக்கர்?

ஊரில் கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வரும். நூலகத்தில் கேட்டால் முதலில் ஓர் எண் வரும்: 346.54052.

நூலகங்களில் பரவலாகப் பயன்படும் ட்யூயி தசமப் பகுப்பில் சட்டத்தின் வீடு 340. அதற்குள் 345 குற்றவியல் சட்டம். 346 தனியார் சட்டம், அதாவது ஆளுக்கும் ஆளுக்கும் இடையிலான சொத்து, ஒப்பந்தம், குடும்பம் பற்றியது. புள்ளிக்குப் பின்னால் வரும் 54 என்பது இந்தியா. கடைசி 052 வாரிசுரிமை. புத்தகத்தின் முதுகில் ஒட்டிய துண்டுச் சீட்டைப் படித்தே, அட்டையைத் திறக்காமல், 'இந்தியாவின் வாரிசுரிமைச் சட்டம்' என்று சொல்லிவிடலாம். பட்டாவில் 112/3பி என்று சர்வே எண் இருந்தால் புலம், உட்பிரிவு, அதற்குள் ஒரு துண்டு என்று படிப்படியாக நிலத்தில் போய் நிற்போமே, அதே கணக்குதான். சர்வே எண் தெரிந்தவருக்கு நூலக எண் புதிதல்ல. நம் சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1933-ல் வெளியிட்ட கோலன் பகுப்பில் சட்டத்துக்குக் கிடைத்தது ஆங்கில அகரவரிசையின் கடைசி எழுத்தான இசட். எந்த ஏற்பாடாக இருந்தாலும் நோக்கம் ஒன்றுதான்: ஆயிரக்கணக்கான புத்தகங்களுக்கு நடுவே, தேடி வந்தவர் ஓரிரு நிமிடங்களில் சரியான தட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும்.

நின்றாயிற்று. இப்போது கையில் எடுக்க வேண்டியது ஒல்லியான புத்தகம். வக்கீல்கள் 'பேர் ஆக்ட்' என்பார்கள். உரை, விளக்கம் எதுவும் இல்லாத வெறும் சட்ட வாசகம் என்று பொருள். 1956 ஜூன் 17-ல் நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம் அதில் சில பத்துப் பக்கங்களுக்குள் அடங்கிவிடும். பிரிவு 6-ஐத் திறந்து, பக்கத்தைக் கண்ணருகே கொண்டுவந்து பாருங்கள். வாசகத்தின் தொடக்கத்தில் பொடி எழுத்தில் '1' என்று ஓர் எண். அதையடுத்துச் சதுர அடைப்புக்குறி ஒன்று திறக்கிறது. எங்கோ தள்ளி அது மூடுகிறது. பக்கத்தின் அடியில், எறும்பு எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு: 2005-ஆம் ஆண்டின் 39-ஆவது சட்டத்தால் மாற்றி அமைக்கப்பட்டது, 9-9-2005 முதல் அமல்.

அந்த அடைப்புக்குறிதான் சட்டத்தின் தையல் தழும்பு. அதற்குள் இருப்பது பின்னால் வைத்துத் தைத்த துணி. சில பக்கங்களில் வரிசையாக நட்சத்திரக் குறிகள் இருக்கும். அங்கே முன்பு இருந்த சொற்கள் நீக்கப்பட்டுவிட்டன. சட்டத்தை யாரும் ரகசியமாகத் திருத்திவிட முடியாதபடி, ஒவ்வொரு வெட்டும் ஒட்டும் தேதியோடு பக்கத்திலேயே பதிவாகிறது. பத்திரத்தில் அடித்துத் திருத்தினால் ஓரத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று நம்மிடம் ஒரு வழக்கம் உண்டு. நாடாளுமன்றத்துக்கும் அதே ஒழுங்கு.

தழும்புகளின் தேதிகளை வரிசைப்படுத்தினால் நம் கேள்வி ஒரு கதையாக விரிகிறது. 1956-ன் மூல வாசகப்படி கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்பால் பங்கு ஆண்களுக்கு மட்டும்தான். 12 ஏக்கரை அப்பாவுக்கும் இரண்டு மகன்களுக்குமாக மூன்றாக வகுப்பார்கள், தலைக்கு 4. அப்பாவின் 4 ஏக்கர் மட்டும் அம்மா, இரண்டு மகன்கள், மகள் நால்வருக்கும் சமமாகப் போகும். ஆக, மகன்களுக்கு ஆளுக்கு 5 ஏக்கர். மகளுக்கு 1.

1989 மார்ச் 25 முதல் தமிழ்நாடு தனக்கென ஒரு திருத்தம் கொண்டுவந்தது. ஆந்திரத்தைப் பின்பற்றி, மகளும் மகனைப் போலவே பிறப்பால் பங்குரிமை பெறுவாள் என்றது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் கல்யாணமான மகளுக்கு இது கிடையாது. நம் மகளுக்கு 1985-லேயே கல்யாணம். நான்கு வருட இடைவெளியில் தவறிப்போனது. அப்போதும் 1 ஏக்கர்தான்.

2005 செப்டம்பர் 9-ல் மத்தியச் சட்டமே மாறியது. கல்யாணம் ஆனவளா, ஆகாதவளா என்ற கேள்வியே எழவில்லை. மகள் என்றால் பிறப்பால் பங்குரிமை. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறைப்படி பாகம் பிரித்திருந்தாலோ விற்றிருந்தாலோ மட்டும் அதைக் கலைக்க முடியாது. நம் குடும்பத்தில் பாகமே பிரிக்கவில்லை. அப்படியானால் முடிந்ததா? இல்லை. அப்பா 2001-லேயே போய்விட்டாரே! சட்டம் மாறியபோது உயிரோடு இல்லாத அப்பாவின் மகளுக்கும் இது பொருந்துமா? பேர் ஆக்ட் இதற்கு நேரடியாகப் பதில் சொல்வதில்லை.

இங்கேதான் அடுத்த அலமாரி. தடித்த தோல் அட்டை, தங்க எழுத்து, ஆண்டுவாரியாக அணிவகுத்து நிற்கும் தீர்ப்புத் திரட்டுகள். முக்கியமான தீர்ப்புகளைத் தொகுத்து அச்சிடும் வரிசைகள் இவை. 1875-ல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டு, 1876 முதல் 'இந்தியன் லா ரிப்போர்ட்ஸ்' வெளிவந்தது. ட்யூயி தன் நூலகப் பகுப்பை முதன்முதலில் அச்சிட்டதும் அதே 1876-ல்தான். உலகின் இரு மூலைகளில் ஒரே ஆண்டில் இரண்டு தேடல் கருவிகள் பிறந்தன. 1891-ல் 'மெட்ராஸ் லா ஜர்னல்' வந்தது. 1914-லிருந்து 'ஏஐஆர்', 1969-லிருந்து 'எஸ்சிசி'.

இத்தனை ஆயிரம் பக்கங்களில் ஒரு தீர்ப்பை எப்படிப் பிடிப்பது? வக்கீல்கள் வாயில் 'சைட்டேஷன்' என்ற சொல் அடிக்கடி வரும். அது தீர்ப்பின் முகவரி. (2020) 9 எஸ்சிசி 1 என்றால் 2020-ஆம் ஆண்டு, எஸ்சிசி வரிசை, ஒன்பதாவது தொகுதி, முதல் பக்கம். ஏஐஆர் 1973 எஸ்சி 1461 என்றால் ஏஐஆரின் 1973-ஆம் ஆண்டு, உச்ச நீதிமன்றப் பகுதி, 1461-ஆம் பக்கம். திறந்தால் அங்கே கேசவானந்த பாரதி வழக்கு காத்திருக்கும். ஊர், தெரு, கதவு எண் என்று தபால்காரர் வருவதுபோல, இந்தியாவின் எந்த ஊர் நூலகத்திலும் அதே பக்கத்தில் அதே தீர்ப்பு. 2023 முதல் உச்ச நீதிமன்றம் பதிப்பகத்தைச் சாராத பொது முகவரியும் கொடுக்கிறது. 2024 ஐஎன்எஸ்சி 113 என்பது தேர்தல் பத்திரத் தீர்ப்பு.

மகளின் கேள்விக்குத் திரட்டில் மூன்று முகவரிகள் சிக்குகின்றன. முதலாவது, 2015 அக்டோபரில் வந்த பிரகாஷ் எதிர் பூலாவதி வழக்கு, (2016) 2 எஸ்சிசி 36. 9-9-2005 அன்று அப்பாவும் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்றது. மகளுக்கு 1 ஏக்கர். இரண்டாவது, 2018 பிப்ரவரியில் வந்த தானம்மா வழக்கு, (2018) 3 எஸ்சிசி 343. அங்கே அப்பா இறந்தது 2001-ல். ஆனாலும் மகள்களுக்குச் சம பங்கு கிடைத்தது. அதே உச்ச நீதிமன்றம், அதே சட்டப் பிரிவு, எதிரெதிர்ப் பதில்!

எது செல்லும்? இங்கே சட்டத்தின் மிக நுட்பமான பொறி ஒன்று இயங்குகிறது. உச்ச நீதிமன்றம் சொல்லும் சட்டம் நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்கிறது அரசியலமைப்பின் 141-ஆவது பிரிவு. உச்ச நீதிமன்றத்துக்குள்ளேயே எடை பார்ப்பது நீதிபதிகளின் எண்ணிக்கையை வைத்து. மேற்சொன்ன இரண்டும் இருவர் அமர்வுகள். தராசில் சம எடை. ஒன்று மற்றொன்றைத் தூக்க முடியாது. அதனால் மூவர் அமர்வு உட்கார்ந்தது. 2020 ஆகஸ்ட் 11-ல் வினீதா சர்மா எதிர் ராகேஷ் சர்மா, (2020) 9 எஸ்சிசி 1. பிறப்பால் வரும் உரிமைக்கு அப்பாவின் வாழ்வோ சாவோ நிபந்தனை ஆகாது என்று சொல்லி, பூலாவதித் தீர்ப்பை அந்த அமர்வு ரத்து செய்தது.

இப்போது கணக்கைத் திரும்பப் போடுங்கள். 12 ஏக்கர் நான்காக வகுபடுகிறது. அப்பா, இரண்டு மகன்கள், மகள் என்று தலைக்கு 3. அப்பாவின் 3 ஏக்கர் அம்மாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்குமாக முக்கால் முக்கால் ஏக்கர். மகளுக்கு 3.75 ஏக்கர். அதே பெண், அதே காடு, அதே வரப்பு. 1 ஏக்கருக்கும் 3.75 ஏக்கருக்கும் நடுவில் இருப்பது அலமாரியில் எந்த ஆண்டுப் புத்தகத்தை எடுத்தோம் என்பது மட்டும்தான். அதனால்தான் சட்டப் புத்தகத்தில் முதலில் பார்க்க வேண்டியது அட்டையை அல்ல, பதிப்பாண்டை.

ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த தீர்ப்பு ரத்து செய்துவிட்டதா என்று கண்டுபிடிப்பது எல்லா நாட்டு வக்கீல்களுக்கும் பழைய தலைவலி. அமெரிக்காவின் ஃபிராங்க் ஷெப்பர்டு 1873-ல் இதற்கு ஓர் எளிய வழி கண்டார். ஒவ்வொரு தீர்ப்பையும் பின்னால் எந்தெந்த வழக்குகள் எடுத்தாண்டன என்று சின்னச் சீட்டுகளில் அச்சிட்டு, பின்புறம் பசை தடவி விற்றார். வாங்கியவர்கள் தபால்தலை போலக் கிழித்துத் தங்கள் புத்தகத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார்கள். இன்று கணினி ஒரு நொடியில் செய்வது அந்தப் பசைச் சீட்டின் வேலையைத்தான்.

தீர்ப்புப் பக்கத்தின் தலையில் பொடி எழுத்தில் ஒரு சுருக்கம் இருக்கும். தலைக்குறிப்பு. அவசரத்துக்கு அது போதும் என்று தோன்றும். ஆனால் அதை எழுதியவர் நீதிபதி அல்ல, திரட்டின் ஆசிரியர். கோர்ட்டில் நிற்பது உள்ளே எண் போட்ட பத்திகள்தான். இந்தப் பிரிவினைக்குப் பின்னால் ஒரு வழக்கே இருக்கிறது. ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் டி.பி.மோதக் வழக்கில் 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது: தீர்ப்பின் மூல வாசகம் யாருடைய தனிச் சொத்தும் அல்ல, பதிப்பாளர் தன் அறிவைச் செலுத்திச் சேர்த்தவற்றுக்குத்தான் பதிப்புரிமை. நீதிபதி எழுதிய ஒவ்வொரு வரியும் ஊருணித் தண்ணீர் மாதிரி. யாரும் குடம் கொண்டுவரலாம்.

நம் பக்கத்தில் அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 'பூர்வீகச் சொத்து' என்ற சொல். தாத்தா வழி வந்ததெல்லாம் பூர்வீகம் என்பது ஊர்ப்பேச்சு. சட்டத்தின் அளவுகோல் வேறு. தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய நிலம், 1956-க்குப் பின் அவர் உயிலில்லாமல் இறந்து, பிரிவு 8-ன்படி அப்பாவுக்கு வந்திருந்தால் அது அப்பாவின் தனிச் சொத்து. 1986-ல் சந்தர் சென் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அந்த நிலத்தில் அப்பா உயிரோடு இருக்கும்வரை மகனும் பங்கு கேட்க முடியாது, மகளும் கேட்க முடியாது. ஆகவே சட்ட அலமாரிக்குப் போகும் முன் வீட்டு அலமாரியைத் திறக்க வேண்டும். மூலப்பத்திரம், பட்டா, சார்பதிவாளர் அலுவலகத்து வில்லங்கச் சான்று. நிலம் யாரிடமிருந்து, எந்த ஆண்டில், எந்த வழியில் வந்தது என்று தெரியாமல் எத்தனை தீர்ப்பைப் படித்தும் பலனில்லை. சட்டத்தை நூலகம் சொல்லும். சங்கதியை நம் டிரங்குப் பெட்டிதான் சொல்லும்.

பழைய சட்டப் புத்தகங்களைப் பழைய பேப்பர் கடைக்குப் போடலாமா? 2024 ஜூலை 1-ல் இந்தியத் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. 511 பிரிவுகள் 358 ஆயின. நாடறிந்த 420, பிரிவு 318-க்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஆனால் 2024 ஜூன் 30-ஆம் தேதி இரவு நடந்த குற்றத்துக்கு இன்றைக்கும் பழைய 420-தான். குற்றம் நடந்த நாளில் எந்தச் சட்டம் இருந்ததோ அதுவே அளக்கும். நம் மகளின் கேள்விக்கும் 1956, 1989, 2005 என்று மூன்று வாசகங்களும் தேவைப்பட்டனவே! சட்ட நூலகத்தில் பழசு சாவதில்லை. தன் காலத்து வழக்கு வரும்வரை காத்திருக்கிறது.

சரி, இந்த அலமாரிகள் யாருக்குத் திறந்திருக்கின்றன? அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1891 முதலே மாவட்டந்தோறும் பொதுச் சட்ட நூலகத்துக்கு வழி செய்திருக்கிறார்கள். வழக்குப் போடும்போது கட்டும் கட்டணத்தில் ஒரு சிறு பங்கு அங்கே போகிறது. யாரும் உள்ளே போய்ப் படிக்கலாம். நம் நாட்டில் நீதிமன்ற நூலகம் நீதிபதிகளுக்கு, வக்கீல் சங்க நூலகம் வக்கீல்களுக்கு என்றே பழக்கமாகிவிட்டது. இது எனக்கு ஒரு குறையாகவே படுகிறது. நம் மாவட்டத் தலைமை நீதிமன்றம் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் பொதுமக்களுக்கென்று ஒரு சட்டப் படிப்பறை இருந்தால் எத்தனை பேர் வாய்தா அலைச்சலுக்கு நடுவில் தங்கள் வழக்கைப் புரிந்துகொள்வார்கள்!

ஆனால் நம்மிடமும் ஒன்று உண்டு. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். 100 ரூபாய் வரிக்கு 10 ரூபாய் நூலக வரி சேர்ந்திருக்கும். மாவட்ட மைய நூலகமும், கிளை நூலகமும், ஊர்ப்புற நூலகமும் அந்தப் பணத்தில் நடப்பவை. அருப்புக்கோட்டையிலிருந்து 50 கிலோமீட்டர் போனால் மதுரையில் 2023 ஜூலை 15-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. நூலகரிடம் வேண்டியது இன்னதென்று சொல்லிக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. நாம் கட்டிய வரி.

பஸ் ஏறாமலும் முடியும். 'இந்தியா கோட்' என்ற அரசு இணையதளத்தில் மத்திய, மாநிலச் சட்டங்கள் திருத்தங்களோடு கிடைக்கின்றன. 2023 ஜனவரி 2-ல் உச்ச நீதிமன்றம் 'இ-எஸ்சிஆர்' என்ற பெயரில் தன் தீர்ப்புத் திரட்டை இலவசமாகத் திறந்துவிட்டது. சுமார் 34,000 தீர்ப்புகள். ஒரு கனத்த அலமாரி வரிசையே கைபேசிக்குள். பல தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் வந்துகொண்டிருக்கிறது.

தமிழில் தீர்ப்பு என்பது கணினிக் காலத்துப் புதுமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அல்ல. மாயவரம் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை, 1805 முதல் 1861 வரையிலான கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தமிழாக்கி 'சித்தாந்த சங்கிரகம்' என்று 1862-லேயே அச்சிட்டார். தமிழின் முதல் நாவல் எழுதியவர் என்று பள்ளியில் படித்தோமே, அவர்தான். நாவலுக்குப் பதினேழு ஆண்டு முன்பே, ஆங்கிலம் தெரியாத கட்சிக்காரருக்கும் தீர்ப்பு எட்ட வேண்டும் என்று உட்கார்ந்து மொழிபெயர்த்திருக்கிறார்.

தன் வழக்கைத் தானே நடத்த எவருக்கும் உரிமை உண்டு. 'பார்ட்டி இன் பெர்சன்' என்பார்கள். குறிப்பிட்ட ஒரு வழக்கில், வக்கீல் அல்லாத ஒருவரை ஆஜராக விட நீதிமன்றத்துக்கு 1961-ன் வழக்கறிஞர்கள் சட்டம், பிரிவு 32 இன்றும் இடம் தருகிறது. சுந்தரம் ஐயர் நுழைந்த வாசல் முழுவதும் அடைபடவில்லை. ஆனால் பாகப்பிரிவினை வழக்கைத் தனியாக நடத்துவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். சொல்லவும் தேவையில்லை. 1987-ன் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், பிரிவு 12-ன்படி பெண் என்றாலே இலவச வக்கீலுக்கு உரிமை உண்டு. வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே கிடையாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்களுக்கும் அப்படியே. வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுக்கலாம். 15100 என்ற எண்ணை அழைத்தும் கேட்கலாம்.

அந்த வக்கீலின் மேசைக்கு முன்னால் போய் உட்காரும் மகள், இனி 'எங்க அண்ணன் ஏமாத்திட்டாருங்கய்யா' என்று தொடங்க வேண்டியதில்லை. பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் நாலு வரி போதும். கூட்டுக் குடும்பச் சொத்து, 12 ஏக்கர், பாகம் ஆகவில்லை. அப்பா இறப்பு 2001. பிரிவு 6, 2005-ன் சட்டம் 39. (2020) 9 எஸ்சிசி 1. வக்கீல் அதை ஒருமுறை படிப்பார், நிமிர்ந்து பார்ப்பார், வில்லங்கச் சான்று கொண்டுவந்திருக்கிறீர்களா அம்மா என்று கேட்பார்.